சுகரே இல்லாதவங்களுக்கு லோ சுகர் எப்படி வருது?

கேளுங்க, சொல்லுதேன்: வாசகர் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த கடிதங்கள்ல பாதி சுகர் கூடுது, என்ன பண்ணன்னு கேட்டுதான். அது எப்பவும் உள்ளது. ஆனா சுகர் குறையுதுன்னு எழுதினவங்களும் இந்த தடவை கொஞ்சம் பேரு இருக்காங்க, அதனால அந்தக் கடிதங்களை மட்டும் தனியா எடுத்து வச்சு இந்த இதழ் பூராவும் அதுக்கே குடுத்துட்டேன். முதல் கடிதம் கொஞ்சம் நீளம்தான், ஆனா வெட்ட மனசு வரல, ஏன்னா ஒரு டாக்டர் கேக்க வேண்டிய எல்லாத்தையும் அந்தத் தம்பியே எழுதிட்டாப்ல.

கேள்வி: டாக்டரம்மாவுக்கு வணக்கம். எங்க ஊரு கல்லிடைக்குறிச்சி பக்கம். அம்மாவுக்கு வயசு 51, பீடி சுத்துதா. சுகர் கிடையாது, பிரஷர் கிடையாது. ஒரு வருசமா காலையில எழுப்பினா எந்திக்க மாட்டேங்கா, உக்கார வச்சா சம்பந்தமில்லாம பேசுதா, என்னையவே யாருன்னு கேக்கா, நைட்டி பூரா வேர்வையில நனைஞ்சு கெடக்கு. காப்பி குடுத்தா பத்து பதினஞ்சு நிமிசத்துல நல்லாயிருதா, நடந்தது எதுவும் ஞாபகம் இல்லங்கா. சொந்தக்காரங்க சாமி வருதுன்னு கோடாங்கிகிட்ட கூட்டிட்டுப் போனாவ. ஒரு டாக்டர் வலிப்புன்னு மாத்திரை குடுத்தாரு, அதுலயும் நிக்கல. போன மாசம் பக்கத்து வீட்டு மதினி அவங்க மாமனாருக்கு வச்சிருக்க மிஷின்ல குத்திப் பாத்தாவ, 38ன்னு காட்டிச்சு. பயந்துபோய் காப்பி குடுத்துட்டு ஆஸ்பத்திரிக்கு கொண்டு போனோம், அங்க 96, நார்மல்னு அனுப்பிட்டாவ. இப்ப ஒருத்தர் இன்சுலின் அதிகமா சுரக்குதுன்னு சொல்லுதாரு. ஊசியே போடாத ஆளுக்கு இன்சுலின் எப்படி கூடும்? உடம்பு வேற இந்த ஒரு வருசத்துல 8 கிலோ ஏறிருக்கு.

பதில்: தம்பி, முதல்ல அந்த மதினிக்கு ஒரு நன்றி சொல்லிருங்க. ஒரு வருசமா யாரும் செய்யாத வேலைய அவங்க ஒரு நிமிசத்துல செஞ்சிருக்காங்க, அதாவது ஆளு குழம்பிப்போய் இருக்கிற அந்த நேரத்துலயே குத்திப் பாத்தது. காப்பி குடிச்சு ஆளு தெளிஞ்சு, பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போய், டோக்கன் போட்டு எடுத்த 96க்கு இங்க ஒரு மதிப்பும் கிடையாது. அது காப்பியில போட்ட சீனியோட கணக்கு.

நியூயார்க்ல விப்பிள்னு ஒரு சர்ஜன் இருந்தாரு, 1930கள்ல அவர் சொன்ன மூணு விஷயத்தைத்தான் இன்னைக்கும் எல்லாரும் பாக்குறோம். லோ சுகருக்கான தொந்தரவு இருக்கணும், அதே நேரத்துல ரத்தத்துல சுகர் குறைஞ்சிருக்கணும், சுகர் ஏத்தினதும் தொந்தரவு போயிரணும். உங்க அம்மாவுக்கு மூணுமே இருக்க மாதிரிதான் தெரியுது. மாதிரின்னு ஏன் சொல்லுதேன்னா வீட்டு மிஷின் கீழ் மட்டத்துல கொஞ்சம் முன்னப்பின்ன காட்டும், அதை மட்டும் வச்சு நோய்னு முடிவு கட்ட முடியாது. சுகர் நோய் இல்லாத ஆளுக்கு நரம்புல எடுத்த ரத்தத்துல லேப்ல பாத்து 55க்கு கீழ வந்தாதான் கணக்கு. அந்த ரத்தத்தையும் ஃப்ளோரைடு போட்ட சாம்பல் மூடி டியூப்ல எடுத்து சீக்கிரம் லேபுக்கு அனுப்பணும், சும்மா டியூப்ல எடுத்து மணிக்கணக்கா வச்சிருந்தா ரத்த அணுக்களே சுகரை தின்னுட்டு பொய்யா குறைஞ்சு காட்டும்.

இப்ப உங்க கேள்விக்கு வாரேன். இன்சுலின் ஊசியில மட்டும் வர்ற சாமான் இல்ல, நம்ம எல்லாருக்கும் கணையத்துல பீட்டா செல்லுன்னு இருக்கு, அதுதான் சுரக்குது. சாப்பிட்டா கூட சுரக்கும், ராத்திரி வயிறு காலியா இருக்கும்போது ரொம்ப குறைஞ்சிரும், அப்பதான் கல்லீரல் சேத்து வச்ச சுகரை கொஞ்சம் கொஞ்சமா வெளிய விடும், விடிய விடிய நாம தூங்குனாலும் மூளைக்கு சாப்பாடு போய்க்கிட்டே இருக்கும். சில பேருக்கு இந்த பீட்டா செல்லுல ஒரு சின்ன கட்டி வருது, இன்சுலினோமான்னு பேரு. ரத்தத்துல சுகர் 40க்கு வந்தாலும் அது பாட்டுக்கு சுரந்துகிட்டே இருக்கும், யார் பேச்சையும் கேக்காது. இன்சுலின் அதிகமா இருந்தா கல்லீரல் கதவை சாத்திரும், அதோட கொழுப்பை கரைச்சு கீட்டோன் தயாரிக்கிறதும் நின்னுரும். சாதாரணமா பட்டினி கெடந்தா மூளைக்கு அந்த கீட்டோன்தான் கைகுடுக்கும். இவங்களுக்கு அதுவும் இல்ல, இதுவும் இல்ல. அதான் உங்க அம்மா பெத்த பிள்ளையவே யாருன்னு கேக்கா. சாமியும் இல்ல, பேயும் இல்ல, மூளை பட்டினி கெடக்கு. எடை ஏறுனதும் இதோட சேர்ந்ததுதான், இன்சுலின் சேத்து வைக்கிற ஹார்மோன், அது போக சாப்பிட்டா தெளியுதுன்னு உடம்புக்கே தெரிஞ்சு அடிக்கடி சாப்பிடத் தோணும்.

இது அபூர்வம்தான், பத்து லட்சம் பேருல வருசத்துக்கு ஒண்ணுல இருந்து நாலு பேருக்கு வரும்னு கணக்கு. அபூர்வங்கிறதாலதான் வலிப்புன்னும் மனநோய்னும் பேரு வச்சு வருசக்கணக்கா ஓடிருது. வலிப்புன்னு சொன்ன டாக்டர் மேலயும் எனக்கு பெரிய கோவம் இல்ல, சுகர் ரொம்ப இறங்குனா நிஜமாவே வலிப்பு வரும். ஆனா வலிப்புன்னு வர்ற ஒவ்வொருத்தருக்கும் அந்த நேரத்து சுகர் என்னன்னு ஒரு தடவை பாக்கணும். எந்த சின்ன கிளினிக்லயும் முடியுற காரியம் இது. இன்சுலின் கண்டுபிடிச்சதே 1921ல, அடுத்த மூணு வருசத்துல, 1924லயே, சீல் ஹாரிஸ்னு ஒரு அமெரிக்க டாக்டர் ஊசி போடாதவங்களுக்கும் இன்சுலின் கூடி சுகர் இறங்கலாம்னு எழுதிட்டாரு. 1929ல டொராண்டோல கட்டியை எடுத்து ஒரு ஆளை குணமாவே ஆக்கிட்டாங்க. நூறு வருசத்துக் கதை, இன்னும் நாம கோடாங்கிகிட்ட போய்க்கிட்டு இருக்கோம்.

அடுத்து என்ன செய்யணும். எண்டோகிரைனாலஜிஸ்ட்டுன்னு ஹார்மோன் டாக்டர் இருக்காங்க, அவங்களை பாருங்க. முதல்ல பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரிக்கு போய் மெடிசின் டாக்டர்கிட்ட 38ஐ தேதி நேரத்தோட எழுதிக் காட்டுங்க, அவங்க எங்க அனுப்பணுமோ அனுப்புவாங்க, வேலூர் சி.எம்.சி.யில இதுக்கு தனி டிபார்ட்மெண்டே இருக்கு. அங்க ஆளை அட்மிட் பண்ணி 72 மணி நேரம் வரைக்கும் பட்டினி போட்டு பாப்பாங்க, தண்ணி மட்டும் உண்டு. பயப்படாதீங்க, முக்கால்வாசி பேருக்கு மூணு நாள் தேவைப்படாது, கட்டி இருந்தா அநேகமா 48 மணி நேரத்துக்குள்ள சுகர் இறங்கிரும். இறங்குன அந்த நிமிசத்துல ரத்தம் எடுத்துட்டு உடனே சுகர் குடுத்துருவாங்க. தயவு செஞ்சு இதை நாமளே வீட்டுல செஞ்சு பாப்போம்னு ஆரம்பிச்சிராதீங்க, உயிருக்கே ஆபத்து. அம்மா சஷ்டி, ஏகாதசின்னு விரதம் இருக்கிற ஆளா இருந்தா அதையும் நிப்பாட்டுங்க, முருகன் கோவிச்சுக்க மாட்டாரு.

அந்த ரத்தத்துல என்ன பாக்காங்கன்னு தெரிஞ்சுக்கோங்க, ரிப்போர்ட் கையில வரும்போது உதவும். சுகர் 55க்கு கீழ இருக்கும்போது இன்சுலின் ஒரு மில்லியில 3 மைக்ரோ யூனிட்டுக்கு கீழ போயிருக்கணும், போகலன்னா தப்பு. சி-பெப்டைடுன்னு ஒண்ணு பாப்பாங்க, இதுதான் முக்கியமான சாட்சி. நம்ம கணையம் இன்சுலின் செய்யும்போது கூடவே அதே அளவு சி-பெப்டைடும் வெளிய வரும், கடையில வாங்குற ஊசி மருந்துல அது இருக்காது. அப்ப இன்சுலின் கூட இருந்து சி-பெப்டைடும் ஒரு மில்லியில 0.6 நானோகிராமுக்கு மேல இருந்தா சரக்கு உள்ளூர்ல தயாரானது, சி-பெப்டைடு இல்லவே இல்லன்னா யாரோ ஊசி போட்டிருக்காங்க. அதோட கீட்டோன் அளவும் பாப்பாங்க, இன்சுலின் கூடுன ஆளுக்கு பட்டினி கெடந்தும் அது ஏறியிருக்காது.

ஒரு சங்கடம் என்னன்னா சுகர் மாத்திரைல கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடுன்னு ஒரு வகை இருக்கு, அதை சாப்பிட்டாலும் ரிப்போர்ட் அச்சு அசலா கட்டி மாதிரியே வரும், ஏன்னா அந்த மாத்திரையும் நம்ம கணையத்தைத்தான் பிழிஞ்சு சுரக்க வைக்குது. அதனால வீட்டுல வேற யாருக்காவது சுகர் மாத்திரை இருக்கா, ஒரே டப்பாவுல எல்லாம் கெடக்கான்னு இன்னைக்கே பாருங்க. பிரஷர் மாத்திரைன்னு நெனச்சு மாமியார் சுகர் மாத்திரையை முழுங்குறது நம்ம வீடுகள்ல நடக்காத கதை இல்ல. ரத்தத்துல இந்த மாத்திரை இருக்கான்னு பாக்குற டெஸ்டும் உண்டு, அதைப் பாக்காம யாரையும் ஆபரேஷன் டேபிளுக்கு கொண்டு போகக்கூடாது.

இதெல்லாம் உறுதியான பிறகுதான் ஸ்கேன். சில பேரு முதல்லயே ஸ்கேன் எடுத்து பணத்தை கரைச்சிட்டு வாராங்க. கட்டி பெரும்பாலும் 2 சென்டிமீட்டருக்கும் கீழதான் இருக்கும், சாதாரண ஸ்கேன்ல தப்பிச்சிரும். சி.டி., எம்.ஆர்.ஐ., அதுலயும் தெரியலன்னா வாய் வழியா குழாய் விட்டு வயித்துக்குள்ள இருந்தே கணையத்தை பாக்குற அல்ட்ராசவுண்டு, அதுக்கும் மேல சிறப்பு பெட் ஸ்கேன்னு போகும். பத்துல ஒம்பது பேருக்கு கட்டி ஒண்ணே ஒண்ணாதான் இருக்கும், புற்றுநோயாவும் இருக்காது, அதை மட்டும் நோண்டி எடுத்தா முழுசா குணம். குடும்பத்துல வேற யாருக்காவது கணையக் கட்டி, கால்சியம் கூடுறது, திரும்பத் திரும்ப கிட்னி கல்லுன்னு இருந்தா டாக்டர்கிட்ட சொல்லுங்க, பரம்பரையா வர்ற ஒரு வகையும் உண்டு. ஆபரேஷன் தள்ளிப்போனா டயசாக்சைடுன்னு மாத்திரை இருக்கு, இன்சுலின் சுரப்பை அமுக்கும், கால் வீங்கும், ரோமம் வளரும், பொம்பளைங்களுக்கு அது மனக்கஷ்டம்தான், இருந்தாலும் கேக்கும். ஆக்ட்ரியோடைடு ஊசி சில பேருக்கு கேக்கும்.

அதுவரைக்கும் ராத்திரி படுக்கும்போது வெறும் வயித்தோட படுக்க விடாதீங்க, அலாரம் வச்சு நடுராத்திரி எழுப்பி ஏதாவது குடுங்க. பீடி சுத்துறவங்களுக்கு எண்ணிக்கை முடியணும்னு மத்தியான சாப்பாட்டை மூணு மணிக்கு தள்ளுற பழக்கம் உண்டு, அது இனி ஆகாது. ஆறு குளத்துக்கு தனியா குளிக்க அனுப்பாதீங்க. ஆளுக்கு நினைவு இருந்து முழுங்க முடிஞ்சா மட்டும் சீனித் தண்ணி. நினைவே இல்லன்னா வாயில ஒரு சொட்டும் ஊத்தக்கூடாது, நுரையீரலுக்குள்ள போயிரும், ஒருக்களிச்சு படுக்க வச்சு 108க்கு போன் போடுங்க, அவங்க நரம்புல குளுக்கோஸ் ஏத்துவாங்க.

கேள்வி: எங்க அப்பாவுக்கு 74 வயசு, வள்ளியூர்ல இருக்காவ. சுகருக்கு கிளிமிபிரைடு கலந்த மாத்திரை போடுதாவ. வயித்துப்போக்குல ரெண்டு நாள் சரியா சாப்பிடல, ஆனா மாத்திரையை மட்டும் விடாம போட்டுட்டாவ. மயங்கிட்டாவ, சுகர் 31. குளுக்கோஸ் ஏத்தி தெளிஞ்சதும் நாங்களே கேட்டு வீட்டுக்கு கூட்டிட்டு வந்துட்டோம். அன்னைக்கு ராத்திரியே திரும்ப அதே மாதிரி. கருப்பட்டி காப்பி குடுத்தும் சீக்கிரம் ஏறல. ஏன்?

பதில்: குளுக்கோஸ் பாட்டில் அரை மணி நேரத்துல தீந்துரும் அம்மா, மாத்திரை தீராது. இந்த வகை மாத்திரை ஒரு நாள் பூரா வேலை செய்யும், வயசானவங்களுக்கு கிட்னி கொஞ்சம் மந்தமா இருந்தா இன்னும் நீளும். அதனாலதான் இந்த மாத்திரையால சுகர் இறங்குன பெரியவங்களை குறைஞ்சது ஒரு நாளாவது ஆஸ்பத்திரியில வச்சு மணிக்கு ஒரு தடவை குத்திப் பாக்கச் சொல்லுதோம். தெளிஞ்சுட்டாவளே, வீட்டுக்கு போவோம்னு அவசரப்படுறது நம்ம ஊரு வழக்கம், வீட்டுல ஆடு மாடு பாக்க ஆள் இல்ல, எல்லாம் புரியுது, இருந்தாலும் இதுல மட்டும் அவசரம் ஆகாது.

கருப்பட்டி விஷயம். அப்பாவோட மாத்திரை அட்டையை திருப்பிப் பாருங்க, வோக்லிபோஸ்னு இன்னொரு பேரும் சேர்ந்து இருக்கலாம், மூணு மருந்து கலந்த மாத்திரைல அது சகஜம். அந்த மருந்தோட வேலையே சீனி, கருப்பட்டி, சோறு இதெல்லாம் குடல்ல உடைஞ்சு ரத்தத்துல சேருறதை தாமதப்படுத்துறதுதான். அது சாப்பிடுற ஆளுக்கு லோ சுகர் வந்தா கருப்பட்டி, அல்வா எதுவும் சட்டுனு ஏறாது, குளுக்கோஸ் பவுடர்தான் குடுக்கணும், அது ஏற்கனவே உடைஞ்ச சுகர், நேரா ஏறிரும். மூணு டீஸ்பூன் தண்ணியில கலந்து குடுத்து 15 நிமிசம் கழிச்சு குத்திப் பாத்து 70க்கு மேல வரலன்னா திரும்ப குடுங்க. ஏறுன பிறகு ரெண்டு இட்லி. அல்வாவுல நெய் வேற, வோக்லிபோஸ் இல்லாத ஆளுக்கும் அது மெதுவாத்தான் ஏறும், இருட்டுக்கடைல எவ்வளவு நேரம் வரிசைல நின்னு வாங்கியிருந்தாலும் சரி. இனி வாந்தி பேதி, சாப்பாடு இறங்கலன்னா அன்னைக்கு மாத்திரையை என்ன பண்ணணும்னு டாக்டர்கிட்ட இப்பவே கேட்டு எழுதி வச்சுக்கோங்க. கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டுற கிரியாட்டினின் டெஸ்டும் ஒண்ணு பாத்துருங்க, இந்த வயசுல இதே மாத்திரை தேவைதானான்னும் சேத்து கேளுங்க.

கேள்வி: மேலப்பாளையத்துல இருந்து எழுதுறேன். வாப்பா பல வருசமா 20 யூனிட் இன்சுலின் போடுறாங்க, எப்பவும் இங்க கடையில வாங்குறதுதான். காக்கா (அண்ணன்) துபாய்ல இருந்து வரும்போது அங்க உள்ள இன்சுலின் பாட்டில் கொண்டு வந்தாங்க, நல்ல மருந்துன்னு. அதே 20 தான் போட்டோம், மூணு நாளா சுகர் 45, 50ன்னு இறங்குது. மருந்து ரொம்ப பவரா?

பதில்: அந்த பாட்டிலை உடனே ஓரமா வைங்க. மருந்து நல்ல மருந்துதான், ஊசிதான் வேற. இந்தியாவுல பாட்டில்ல வர்ற இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லியில 40 யூனிட், வெளிநாட்டு பாட்டில்ல 100 யூனிட். வாப்பா வச்சிருக்கிறது 40க்கான சிவப்பு மூடி சிரிஞ்சா இருக்கும். அதுல 20ங்கிற கோடு அரை மில்லி. அரை மில்லி துபாய் மருந்துல 50 யூனிட் இருக்கு. ரெண்டரை மடங்கு போட்டிருக்கீங்க, மூணு நாளும் ஆண்டவன் காப்பாத்தியிருக்கான். பேனாவுல போடுற கேட்ரிட்ஜும் 100தான், பேனா கெட்டுப்போச்சுன்னு அதுல இருந்து சிவப்பு மூடி சிரிஞ்சுல உறிஞ்சினா இதே கதை நடக்கும். பாட்டில் மேல 40ஆ 100ஆன்னு பாத்து அதே நம்பர் போட்ட சிரிஞ்சு வாங்குங்க, 100க்கு ஆரஞ்சு மூடி. பழைய பாட்டிலுக்கு திரும்பிட்டு டாக்டரை ஒரு தடவை பாத்துருங்க. நோன்பு வேற வந்தா அதுக்கு முன்னாடியே போய் அளவை மாத்தி எழுதி வாங்கணும், சஹருக்கும் இஃப்தாருக்கும் அளவு வேற வேற.

கேள்வி: எனக்கு 38 வயசு, அம்பாசமுத்திரம். தைராய்டு கூடுதலா இருக்குன்னு கார்பிமசோல் சாப்பிடுறேன். கை கால் மதமதப்புக்கு நரம்பு சத்து மாத்திரைன்னு ஒண்ணு கடையில வாங்கி ஒரு மாசமா போடுறேன். இப்ப அடிக்கடி நடுக்கம், வேர்வை, சுகர் 42 வரைக்கும் போச்சு. இன்சுலின் டெஸ்ட்ல ஆயிரத்துக்கு மேல வந்திருக்கு, லேப்ல தப்பு நடந்திருக்கும்ங்காங்க.

பதில்: லேபை திட்ட வேண்டாம், அது சரியாவே இருக்கலாம். நரம்பு மாத்திரை அட்டைல ஆல்ஃபா லிப்போயிக் ஆசிட்னு போட்டிருக்கா பாருங்க, மீத்தைல்கோபாலமின் கூட சேத்து நிறைய கம்பெனி விக்குது. அதுலயும் கந்தகம் இருக்கு, கார்பிமசோல்லயும் இருக்கு. சில பேரு உடம்புல இந்த மாதிரி மருந்துகளால சொந்த இன்சுலினுக்கே எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) உண்டாகும். அந்த எதிர்ப்பொருள் சுரக்குற இன்சுலினை எல்லாம் பிடிச்சு வச்சுக்கிட்டு நேரங்கெட்ட நேரத்துல மொத்தமா விட்டுரும், வட்டிக்கடைக்காரர் மாதிரி. அதான் நம்பர் ஆயிரத்தை தாண்டுது, கட்டியில இவ்வளவு உயரம் போறது அபூர்வம். ஜப்பான்ல ஹிராட்டான்னு ஒரு டாக்டர் 1970ல முதல்ல எழுதினாரு, அதனால அவர் பேருல ஹிராட்டா நோய்னே சொல்லுவாங்க. இன்சுலின் ஆன்டிபாடி டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க. நரம்பு மாத்திரையை இன்னைக்கே நிப்பாட்டுங்க, கார்பிமசோலை மட்டும் நீங்களா நிப்பாட்ட வேண்டாம், டாக்டர் மாத்தித் தருவாரு. பெரும்பாலும் மருந்து நின்னா சில மாசத்துல தானா அடங்கிரும், கத்தி எடுக்கவே வேண்டாம். இதைத் தெரியாம கட்டின்னு நெனச்சு கணையத்தை அறுக்குறதுதான் கொடுமை. அதுவரைக்கும் கொஞ்சம் கொஞ்சமா ஆறு வேளை சாப்பிடுங்க, இனிப்பும் மைதாவும் ஒரேயடியா வேண்டாம், சுகர் சட்டுனு ஏறினா பின்னாலேயே இறங்கும்.

கேள்வி: எடை குறைக்க வயித்துல பைபாஸ் ஆபரேஷன் பண்ணி ரெண்டு வருசம் ஆகுது. சாப்பிட்டு ரெண்டு மணி நேரத்துல படபடப்பு, சுகர் 50. பாளையங்கோட்டை.

பதில்: வயிறு சின்னதாகி சாப்பாடு குடலுக்கு வேகமா ஓடுது, சுகர் சட்டுனு ஏறுது, குடல் ஹார்மோன் கணையத்தை உசுப்பி இன்சுலின் கூடுதலா கொட்டுது. காலையில வெறும் வயித்துல வராம சாப்பிட்ட பிறகு மட்டும் வர்றதுதான் இதோட அடையாளம். ஒரு கைப்பிடி சோறு, ரெண்டு மடங்கு காய், முட்டை, மீன்னு தட்டை மாத்துங்க, ஜூஸும் பதநீரும் வேண்டாம். அப்படியும் நிக்கலன்னா அகார்போஸ் மாதிரி மருந்து உண்டு, ஆபரேஷன் பண்ண டாக்டர்கிட்ட போங்க. வெறும் வயித்துலயும் வந்தா அது வேற விஷயம், முதல் கடிதத்துக்கு சொன்ன பதிலைப் பாருங்க.

கேள்வி: ஐ.டி.யில வேலை, வயசு 26. தினமும் பதினோரு மணிக்கு கை நடுங்குது, பாத்தா 78. எனக்கும் இன்சுலினோமாவா?

பதில்: இல்ல தம்பி. 78 நல்ல சுகர். காலையில வெறும் காப்பியோட லேப்டாப்பை திறந்தா கை நடுங்கத்தான் செய்யும். நடுங்குற நேரத்துல 55க்கு கீழ வந்தா எழுதுங்க, இல்லன்னா நாலு இட்லி சாப்பிட்டுட்டு வேலைக்கு உக்காருங்க.